வீரனின் பட்டி

"இன்னொரு தபா கருப்பன் உறுமினான்னா, கோணியில போட்டுக் கட்டி ரயிலேத்திடுவேன். பாகாலாவுல எந்தங்கச்சி வீட்டுல துன்னுக்கினு கெடக்கட்டும்" என்றார் தணிகாசலம்.

அவர் பெண்சாதி செங்கம்மா, கிழ நாய் கருப்பனின் காதில் மஞ்சளை அப்பினாள். காது நுனி கிழிந்திருந்தது. கிழித்தது மூன்று மாதக் குட்டி வீரன். அது இப்போதும் கருப்பனின் வாலைக் கவ்விக்கொண்டு, பின்னங்காலைத் தரையில் ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு கிழ நாயான செவலை, கழனித்தண்ணித் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்து இரண்டு நாளாகிறது.

"கடிக்கறது குட்டி. ரயிலு மட்டும் கருப்பனுக்கா?"

"குட்டி வெளையாடுது. பெரிசு உறுமுது. ரெண்டும் ஒண்ணாமே?"

"உறுமறது 'போதும்டா'ன்னு சொல்றதுயா. அதையும் சொல்லக் கூடாதுன்னு நீ அதட்டினா, அடுத்த தபா சொல்லாம கொள்ளாம பல்லு வெச்சிடும். அப்புறம் உன் குட்டிக்கு மூஞ்சி இருக்காது."

"திருத்தணி மேடையில மாலை போட்டுக் குடுத்த குட்டி அது. அதும் மேல ஒரு கீறல் விழுந்தா கமிட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

கமிட்டி என்றால் எல்லைக் கமிட்டி. ஊரை மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று தணிகாசலம் ஏழு வருஷமாகக் கூவியவர். புத்தூருக்கும் நகரிக்கும் கொடி பிடித்து நடந்தார். சித்தூர் ஜெயிலில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்து, அங்கே சாம்பாரில் புளி அதிகம் என்று ஒரு மாதம் சொன்னார். கடைசியில் கேட்டது கிடைத்தது. ஊர் மெட்ராஸுக்கு; அதற்கு வடக்கே பாகாலா உட்பட எல்லாம் ஆந்திராவுக்கு. ஊரின் வடகோடி வீடு அவருடையது. அதையும் பின்னாலிருந்த கழனியையும் தாண்டித்தான் எல்லை போகிறது என்று தெரிந்த அன்று, தெருவுக்கே வெல்லம் கொடுத்தார். சர்வேக்காரர்கள் வந்து சங்கிலி பிடித்து அளந்தும் முடித்துவிட்டார்கள்.

"ஒரு பட்டி போட்டுக் குடு" என்றாள் செங்கம்மா. "ஆட்டம் மிஞ்சிச்சின்னா குட்டியத் தூக்கி உள்ள விடறேன். அடங்கினா வெளிய விடறேன். அடி வேணாம், ரயிலும் வேணாம்."

"எட்டு நாள். அதுக்குள்ள வீட்டுல சமாதானம் வரலைன்னா கருப்பன் பாகாலாவுக்குத்தான்."

ஏழு வருஷம் சண்டை வளர்த்த மனிதன் எட்டு நாளில் சமாதானம் கேட்கிறான் என்று நினைத்தாள்.

அன்று மத்தியானமே அவர் தோளில் ஒரு கட்டு முளைக்கொம்புகளோடு வந்தார். எல்லாம் ஒரே உயரம். முனை சீவியிருந்தது.

"எங்கேருந்துயா?"

"கழனிக்கு அந்தாண்ட சும்மா இருந்திச்சி. கேள்வி கேக்காத, கயிறு குடு."

வாசலில் தெருவோரக் குட்டிச்சுவர் தெற்கே ஒரு பக்கம். மற்ற மூன்று பக்கமும் கொம்புகளை அடித்துக் கயிறு வரிந்தார். பட்டி தயார்.

செங்கம்மா வேலையை ஆரம்பித்தாள். குட்டி காதைப் பிடிக்கும், கருப்பன் உறுமும், அவள் கருப்பனை அதட்ட மாட்டாள். குட்டி விடாவிட்டால் வயிற்றோடு அள்ளிப் பட்டிக்குள் இறக்குவாள். ஒரு குடம் தண்ணீர் சேந்தி வருகிற நேரம்தான். திரும்ப வெளியே விடுவாள். முதல் நாள் பதினெட்டு குடம். மூன்றாம் நாள் வீரன் போட்ட ஓலத்தில் தணிகாசலம் சாப்பாட்டை விட்டு எழுந்தார். ஆறாம் நாள் மூன்றே குடம். ஏழாம் நாள் கருப்பன் உதட்டைத் தூக்கி லேசாக உறுமியதும், குட்டி காதை விட்டுவிட்டு மல்லாந்து படுத்தது. செவலை தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்து அதை மோந்து பார்த்தது.

எட்டாம் நாள் காலையில் வாசலில் ஜீப் நின்றது. சர்வேயர் ஆதிநாராயணன் இறங்கினார். கையில் சுருட்டிய வரைபடம், முகத்தில் நான்கு நாள் தாடி. பட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏமய்யா, இந்தக் கொம்பெல்லாம் யாரு நட்டது?"

"நான்தான்" என்றார் தணிகாசலம் பெருமையாக. "நாய்க்குட்டிக்கு."

சர்வேயர் எண்ணினார். பதினாலு. காகிதத்தைப் பார்த்தார். அதிலும் பதினாலு.

செங்கம்மா பட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். "சாரு, அத்தப் பிடுங்கிடாதீங்க. இப்பதான் அடங்கிக்கினு வருது. பட்டி போச்சின்னா என் கருப்பன் ரயிலேறிடும்."

"நான் ஏம்மா பிடுங்கறேன்? இது எல்லைக் கொம்பு. இதத் தொட்டா என் உத்தியோகம் போயிடும்." அவர் ஜீப்பின் மூக்கில் படத்தை விரித்தார். "நாலு நாளா காடு மேடெல்லாம் தேடறோம். இனி சங்கிலி பிடிக்க டைம் லேது. சாயங்காலம் படம் சித்தூர்ல இருக்கணும். கொம்பு எங்க நிக்குதோ அங்கதான் கோடு."

"அளந்து எழுதிக்கினு போயாச்சே, இனிமே கொம்பு எதுக்குன்னுதான்..." என்றார் தணிகாசலம். குரல் பாதியில் நின்றது.

பென்சில் நிற்கவில்லை. கிழக்கிலிருந்து தெருவோரமாக வந்தது, குட்டிச்சுவரருகே வடக்கே ஏறி, பட்டியை மூன்று பக்கமும் சுற்றி, மறுபடி தெருவுக்கு இறங்கி மேற்கே போனது. வீடும் கழனியும் கோட்டுக்கு வடக்கே விழுந்தன.

கருப்பன் பாகாலாவுக்குப் போகவில்லை. அதுவும் செவலையும், வீடும் கழனியும், ஏழு வருஷம் கூவிய தணிகாசலமும் ஆந்திராவில் நின்றார்கள். அந்த வீட்டில் மெட்ராஸ் கிடைத்தது பட்டிக்குள் இருந்த வீரனுக்கு மட்டும்தான்.