வாரம் ஒரு நூற்றாண்டு

அமெரிக்காவின் பிஸ்கட்டவே ஊர் லைப்ரரியில் சனிக்கிழமைதோறும் இத்தாலிய இலக்கிய வரலாறு. வாரத்துக்கு ஒரு நூற்றாண்டு. சென்னையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ராமசுப்ரமணியன், நடந்து போகிற தூரம்தானே என்று முதல் நாள் எட்டிப்பார்த்து, வசமாக மாட்டிக்கொண்டார். வந்திருந்தது அவர் ஒருவர்தான்.

கவிஞர்கள் லத்தீனை உதறிவிட்டுத் தெருப்பேச்சில் எழுதத் துணிந்ததிலிருந்து நேற்றைய நாவல் வரை, கொட்டாவியை விழுங்கியபடி எட்டு வாரம் தலையாட்டினார்.

கடைசி நாள், பாடம் நடத்திய நிருஜாவிடம் உடைத்தே சொல்லிவிட்டார். "எனக்கு ஒண்ணும் ஏறலைம்மா. நானும் எழுந்து போயிட்டா உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் உக்காந்திருந்தேன்."

நிருஜா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒருத்தரும் வராட்டி வகுப்பை நிப்பாட்டலாம் எண்டு லைப்ரரிக்காரர் சொன்னவை, அங்கிள். ஒவ்வொரு கிழமையும் பிள்ளையை அழ அழ விட்டிட்டு வந்து, இண்டைக்காவது நீங்கள் வரக்கூடாது எண்டு நான் வேண்டாத தெய்வமில்லை."