வெள்ளைப் புள்ளி

"சிகரெட்டைத் தொட்டு ஆறு மாசமாச்சு!" தூண்டிலைத் துடைத்தபடி மார்தட்டினார் மாமனார்.

"வீட்ல சரி. கடல்ல?" மாமியார் விடவில்லை.

"தனி ஆளா படகு ஓட்டி மீன் பிடிக்கவே ரெண்டு கை பத்தலடி!"

மருமகள் மெல்லக் கேட்டாள். "நேத்து மத்தியானம் காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே, மாமா?"

மாமனாருக்குப் பகீரென்றது. நேற்று நடுக்கடலில் ஈ காக்கை இல்லை. மேலே ஒரு விமானம் மட்டும் சுற்றியது. கடற்படையின் கண்காணிப்பு விமானம். அதில் சூட்டைப் படம்பிடிக்கும் கேமராவை இயக்குவதுதான் மருமகளின் உத்தியோகம். அந்தத் திரையில் சின்னக் கங்குகூட வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சென்று தெரியும்.

"என்னம்மா பார்த்தே?" என்றாள் மாமியார்.

"விமானத்துல பார்த்ததை வெளியில சொல்லக் கூடாது, அத்தை. ராணுவ ரகசியம்."

மாமனாருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"அதனால, மாமாவோட தூண்டில் பெட்டியை நீங்களே திறந்து பார்த்துக்குங்க."