ஏணிக் கணக்கு

"இன்னும் மூணே நாள்தான், மாஷே. இந்தத் தடவையும் கோட்டை விட்டா என் கதை முடிஞ்சுது."

சுகதன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னான். எட்டு வருஷமாகத் தினக்கூலிக்கு மதில் காவல் காக்கிறான். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் ஏழாம் வகுப்புக் கணக்கில் பரீட்சை எழுதித் தேற வேண்டும். இரண்டு தடவை மண்ணைக் கவ்வியாயிற்று. மூன்றாவதோடு சரி, அப்புறம் வேலையே இல்லை என்று உத்தரவிலேயே போட்டிருந்தார்கள்.

"உனக்கு மட்டுமா?" என்றார் அச்சுதன்குட்டி மாஷ்.

இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர வேறு உடுப்பில் சுகதன் அவரைப் பார்த்ததே கிடையாது. இன்றைக்குச் சட்டைக் கையில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"புத்தகத்தை மூடி வை. மாம்பழமும் ஆரஞ்சும் உன் மண்டையில ஏறாது. தினம் நீ பாக்கறதைச் சொல்லு, அதுலயே கணக்குப் போடலாம்."

வெளியே கர்க்கடக மாதத்து மழை விடாமல் அடித்தது. அந்தச் சின்ன அறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது.

"முதல்ல எண்கள். மதிலைச் சுத்தி வர உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"பன்னெண்டு நிமிஷம். என்கூட வர்ற பவித்ரனுக்குக் கால் வலி, பதினெட்டு ஆகும்."

"காலையில ஆறு மணிக்கு ரெண்டு பேரும் கேட்டுல இருந்து கிளம்பறீங்க. மறுபடி எப்ப கேட்டுல ஒண்ணாச் சேருவீங்க?"

சுகதன் விரல் மடக்கினான், வியர்த்தான், கடைசியில் பிடித்துவிட்டான். "முப்பத்தாறு நிமிஷத்துக்கு ஒருக்கா!"

"சேர்ந்ததும்?"

"ஒரு பீடியைப் பத்த வச்சு மாத்தி மாத்தி இழுப்போம். அவ்வளவுதான்."

"ஒரு பீடிக்கு எத்தனை நிமிஷம்?"

"இதுகூடப் பரீட்சையில வருமா, மாஷே?"

மாஷ் சிரிக்கவில்லை. "வரலாம்."

"ஆறேழு நிமிஷம் ஆகும்."

அடுத்தது இயற்கணிதம்.

"பரீட்சை அன்னிக்கு மதில் காவலுக்கு எத்தனை பேர் இருப்பீங்க?"

"மொத்தம் பதினாலு பேர். அதுல பரீட்சைக்கு மூணு பேர்..."

"மூணுன்னு சொல்லாதே. எக்ஸுன்னு வை."

"சரி, எக்ஸ் பேர் பரீட்சைக்கு. அதைப்போல ரெண்டு மடங்கு ஞாயித்துக்கிழமை லீவு. மீதி..." நோட்டில் கிறுக்கினான். "மீதி அஞ்சு பேர். அஞ்சே பேர்தான், மாஷே! எனக்கே இப்பத்தான் உறைக்குது."

"பாத்தியா, கணக்கு போட்டாத்தான் தெரியுது."

சுகதன் விடையை நோட்டில் எழுதினான். மாஷ் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அந்த மனிதரின் கண்ணை நேருக்கு நேர் பார்க்க அவனுக்கு என்றைக்கும் பயம்தான். பாவம், எனக்காக இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று பயத்தை மீறி நெஞ்சு நிறைந்தது.

"கடைசியா வடிவியல். மதில் எவ்வளவு உயரம்?"

"இருபத்தி நாலு அடி."

"ஏணியை மதிலை ஒட்டி வைக்க முடியுமா?"

"எங்க வைக்கறது? அடியில ஏழடி அகலத்துக்கு ஓடை போகுதே. ஓடைக்கு இந்தப் பக்கம்தான் வைக்கணும்."

"அப்ப ஏணி எத்தனை அடி இருந்தா மதில் உச்சியைத் தொடும்?"

ஏழையும் ஏழையும் பெருக்கினான். இருபத்தி நாலையும் இருபத்தி நாலையும் பெருக்கினான். இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் தேடி அல்லாடினான். மாஷ் மூச்சுக்கூட விடாமல் அவன் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தஞ்சு!"

"இன்னொரு தடவை சரி பாரு. தப்பு வரக் கூடாது."

சரி பார்த்தான். இருபத்தைந்தேதான். அப்போது ஐந்து மணி அடித்தது. பேசிக்கொண்டிருந்த மாஷ் பாதியில் நிறுத்தி எழுந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழமை நல்லா எழுது, சுகதா. இனிமே உனக்கு நான் வேண்டியிருக்காது."

சுகதன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு வழக்கம்போல அவரைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, கதவைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பரீட்சை. வினாத்தாளைப் பிரித்தவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மீச்சிறு பொது மடங்கு வந்திருந்தது, எக்ஸ் வந்திருந்தது, கடைசிக் கேள்வியாக ஏணிகூட வந்திருந்தது. ஒன்றைக்கூட விடவில்லை. பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தபோது, இனி நான் நிரந்தரம் என்று மனைவி ஷைலஜாவிடம் சொல்லத் துடித்தான்.

கைபேசியை உயிர்ப்பித்தான். பதினேழு அழைப்புகள் தவறியிருந்தன. எல்லாமே மேலதிகாரி குரியன் சாரிடமிருந்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினெட்டாவது வந்தது.

"எப்படி எழுதின?" குரியன் சாரின் குரல் செத்துக் கிடந்தது.

"எல்லாமே சரி, சார். மாஷ் புண்ணியம்."

"அந்த ஏணிக் கணக்கும்?"

"அதுவும்தான். உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"



"உன் நோட்டைப் பாத்தேன். அந்த ஏணி நம்ம ஜெயில் மதில்ல சாத்தி நிக்குது, பட்டறையில செஞ்சது. சரியா இருபத்தஞ்சு அடி. ஆயுள் கைதி அச்சுதன்குட்டியைத்தான் காணோம்."