ஐந்தாவது குற்றம்

ஆய்வுக்கூட வாசலில் நின்று மனுவைச் சத்தமாக வாசித்தேன்.

“குற்றம் ஒன்று: கிராமசபையைக் கேட்காமல் எங்கள் மேய்ச்சல் நிலத்தில் கட்டடம் கட்டினார்கள்.

குற்றம் இரண்டு: பெட்டி பெட்டியாக வெள்ளெலிகளை இறக்கினார்கள். எதற்கென்று ஊருக்குச் சொல்லவில்லை.

குற்றம் மூன்று: பஞ்சாயத்து ஆட்களை ஏவி, எங்கள் ஊருணித் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டப் பார்த்தார்கள். விரட்டி அடித்தோம்.

குற்றம் நான்கு: எலிக்குக் கொடுக்கும் கிருமியை ஊருக்குள் விட்டார்கள். ஒன்பது பிள்ளைகளுக்கு ரத்தபேதி. செவந்தி மகள் இலக்கியாவுக்குச் சிறுநீரே நின்றுவிட்டது. இப்படிக்கு, தங்கமுத்து, போராட்டக்குழுத் தலைவர்.”

கைதட்டல். முப்பத்தெட்டு வருடமாக நான் மனு வாசித்தால் திருமயம் பக்கம் கைதட்டல் உண்டு. பதவிதான் கிடையாது. அதெல்லாம் கொடி பிடிக்காதவர்களுக்குப் போய்விட்டது.

கையில் புதுப் பூட்டு. கேட்டைப் பூட்ட வேண்டியதுதான் பாக்கி.

“தோழர், வெளியில பூட்டிட்டா நான் சாப்பாட்டுக்கு எப்படிப் போறது?” என்றான் உள்ளே நின்ற வாட்ச்மேன் உடையப்பன்.

“எலியோட சாப்பிடு.”

“அதுகளுக்கு ஏசி ரூமுங்க. என்னைய உள்ள விட மாட்டாங்க.”

கூட்டம் சிரித்தது. உடையப்பன் எங்கள் ஊர்க்காரன்தான். எதிரே எங்கள் போராட்டப் பந்தலில் மூன்று வாரமாக ஊர்ப் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் நீர்மோர் ஊற்றுகிறோம். போன வாரம் அவனும் ஒரு பாட்டில் கேட்டான். எதிரி ஆள் என்று பார்க்காமல் நானே ஊற்றிக் கொடுத்தேன்.

டாக்டர் நாஜியா வெளியே வந்தார். அவர்தான் அங்கே தலைமை.

“ஐயா, உள்ள வந்து பேசுவோமா?”

“ரகசியப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. பிள்ளைங்க வயித்துல இருந்தது ஒங்க கிருமிதானே?”

“இல்லைங்க. ஒப்பிட்டுப் பார்த்தாச்சு. இது மாட்டுச் சாணம் கலந்த தண்ணியில வந்தது. குடல்ல இருந்துக்கிட்டு விஷத்தைக் கக்கும். அந்த விஷம் கிட்னியைக் கெடுக்கும். இதே வகைக் கிருமியைத்தான் எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். சில மருந்து கொடுத்தப்ப விஷம் கூடிப்போச்சு. அதான் இலக்கியாவைச் சேர்த்த அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, அந்த மருந்து வேண்டாம்னு சொன்னேன்.”

“கட்டுக்கதை!”

“இல்லைங்கய்யா,” என்றாள் கூட்டத்திலிருந்து செவந்தி. “போன் வந்தது நெசம். நேத்துத்தான் புள்ள ஒண்ணுக்குப் போச்சு. ஆனா கிருமி எங்கயிருந்து வந்துச்சுன்னு மட்டும் இந்தம்மா சொல்ல மாட்டேங்குது.”

நாஜியா கையிலிருந்த காகிதத்தை மடித்தார்.

“இடத்தைச் சுகாதாரத் துறைக்குச் சொல்லிட்டேன், இன்னிக்கே வர்றாங்க. அவங்களுக்கு அனுப்பினதுல ஆள் பேரு மட்டும் போடலை. தெரியாம நடந்தது. நாளைக்கு நீங்க மட்டும் வாங்க ஐயா, சொல்றேன்.”

“ஏன், பெரிய ஆளா?”

“பெரிய ஆள்தான்,” என்று முணுமுணுத்தான் உடையப்பன்.

எனக்கு ரத்தம் கொதித்தது.

“டாக்டரம்மா, என் முறை ஒண்ணுதான். தப்புப் பண்ணினவன் எவனா இருந்தாலும் பேரைச் சாட்சிகளுக்கு முன்னால சத்தமா வாசிக்கணும். தாசில்தார் பேரையே வாசிச்சவன் நான்!”

காகிதத்தைப் பிடுங்கினேன்.

“வேண்டாங்கய்யா,” என்றார் நாஜியா.

“வாசிங்க தோழர்!” என்றது கூட்டம்.

பிரித்தேன். கிருமி கிடைத்தது, உடையப்பன் கொண்டுவந்த மோரில். மோருக்குத் தண்ணீர், ஊருணித் தொட்டியிலிருந்து. அதற்குக் கீழே பொறுப்பாளர் பெயர்.

டாக்டர் கையெழுத்து புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாஜியாவும் அதற்குத்தான் காத்திருந்தார் போல. காகிதத்தைத் திருப்பி வாங்கக் கை நீட்டினார்.

செவந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூட்டைக் கீழே வைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“குற்றம் ஐந்து: பிளீச்சிங் பவுடர் போடவிடாத தொட்டித் தண்ணீரில், பந்தல் மோர். குற்றவாளியின் பெயர், தங்கமுத்து.”