ஸ்பேர் டயர்

காரின் பின்பெட்டியைத் திறந்த சந்திரசேகரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்பேர் டயரில் காற்றில்லை. இந்த மாதம் மூன்றாவது முறை. யாரோ அதை மாட்டி ஓட்டியிருக்க வேண்டும் என்று நினைத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"குணவதி, நான் பஸ்ல வேலைக்குப் போனதும் கெரெத்தாவ யாரு எடுக்கிறா?"

"எனக்குக் கார் ஓட்டவே தெரியாதேங்க."

"அப்போ யாருக்கோ குடுக்கிறே. பக்கத்து வீட்டு பிச்சைமுத்துவுக்கா?"

"நல்லா இருக்குலா உங்க பேச்சு!"

அவள் கட்டைவிரல் நகத்தில் வெள்ளிப் பூச்சு மின்னியது. இது எப்போதிருந்து? அவருக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது.

மறுநாள் மதியமே வீடு திரும்பினார். கொல்லையில் 'உஸ்ஸ்' என்று சத்தம். எட்டிப் பார்த்தார்.

ஸ்பேர் டயரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் நீண்டிருந்தது. அதன் நுனியில் இருந்த, காற்றால் சாயம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் குணவதி ஒரு பிளாஸ்டிக் குட்டி விமானத்துக்கு வெள்ளிச் சாயம் அடித்துக்கொண்டிருந்தாள்.

அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். "இந்த பிரஷ்ஷ இருக்கிறதிலேயே மலிவா அறுபது வெள்ளிக்கு வாங்கினேங்க. காத்தடிக்கிற மெஷின் நானூறு. டயர் காத்தே போதும்னு கடைக்காரர் சொன்னாரு. இந்த வயசுல பொம்மையான்னு சிரிப்பீங்கன்னுதான் சொல்லல."

அவர் சிரிக்கவில்லை. விமானத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இறக்கையில திட்டுத் திட்டா இருக்கே?"

"காத்து குறைஞ்சா அப்படித்தான் தெறிக்கும்."

சனிக்கிழமை அவர் ஒரு பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்தார். அதில் காற்று நிறைந்திருந்தது.

"இது உனக்கு. கெரெத்தா டயர்ல இனிமே கை வைக்காதே."