சரிவின் அடியில் புது பிரேக்

பழைய பிரேக்கோடு சரிவில் இறங்கியபோது அக்காவின் பைக் நின்ற இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு, சற்றுத் தள்ளி நிற்கிறேன். மாலை வகுப்பில் கற்றபடி பின்சக்கரத்துக்குப் புது பிரேக் மாட்டியது நான்தான். நாளை முதல் தன் குழந்தையை உட்காரவைத்து இந்தச் சரிவில்தான் அவள் இறங்க வேண்டும்.

"ஓரமா நில்லுடா, இன்ஜினியரே!" என்று மேலிருந்து கத்துகிறாள்.

சாய்ந்த வெயில் ஹெல்மெட்டில் மின்ன, வண்டி பாய்ந்து வருகிறது. பிரேக்கில் என் எண்ணெய் விரல் பட்டிருக்குமோ? மூன்று முறை துடைத்தேன். நான்காவது முறையும் துடைத்திருக்கலாம். அக்காவின் கால் பிரேக்கில் அழுந்துகிறது. சக்கரம் சட்டென நின்றுவிடுகிறது. வண்டி நிற்கவில்லை. கறுப்புத் தடம் இழுத்தபடி, கோட்டைத் தாண்டி வழுக்கி வந்து, என் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் ஓய்கிறது. ரப்பர் கருகிய வாடை. அவள் இறங்கிக் குனிந்து பின்டயரைத் தடவுகிறாள்.

"டயர் தேஞ்சு மொழுமொழுன்னு இருக்கேடா தம்பி. இதைப் பார்க்கவே இல்லையா நீ?"