ஆணியில் தொங்கும் லைசன்

யட்டியாந்தோட்டை பஜாரில் அழகு நிலையம் நடத்தும் சுஜீதா, இறப்பர் தோட்டத்து வரிசை வீடான அங்கம்மாவின் லயக்காம்பராவுக்குள் நுழைந்ததும், துவாயில் சுற்றிக் கொண்டுவந்த, கண்ணாடிச் சட்டம் போட்ட தன் தொழில் லைசனைப் பிரித்து, முருகன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுகிறாள். வேலை நடக்கும் இடத்தில் அது கண்ணில் படவேண்டும் என்பது விதி. வீடு தேடிப் போய்ச் செய்யும் வேலைக்கும் அப்படித்தானா என்று அவள் யாரையும் கேட்டதில்லை. இடுப்பு முறிந்து நாலு மாதமாய்க் கட்டிலோடு இருக்கும் அங்கம்மா தலையணையில் சாய்ந்திருக்கிறாள். நாளைக்கு இந்த வாசலிலேயே மகள் கல்யாணம். இறப்பர் மரங்களுக்கு நடுவே புகுந்த வெயில் கட்டில் வரை வந்து, சுஜீதா அலசிச் சிக்கெடுத்த அங்கம்மாவின் ஈர முடியில் மினுங்குகிறது. ஷாம்பு வாசனை அறையெல்லாம் நிறைகிறது. சாமிக்குக் குங்குமம் வைக்க வரும் பக்கத்து வீட்டுப் பாக்கியம், முருகனுக்கு வைத்த கையோடு லைசன் கண்ணாடிக்கும் ஒரு பொட்டு வைத்துவிடுகிறாள். “ஐயோ அக்கா, அது சாமி இல்லீங்க, என் லைசன்!” என்கிறாள் சுஜீதா. மூவரும் சிரிக்கிற சிரிப்பில் கட்டில் கிரீச்சிடுகிறது. புருஷன் செத்துப்போனதிலிருந்து பன்னிரண்டு வருஷமாய் வெறுமையாய் இருக்கும் நெற்றியை அங்கம்மா தொட்டுப் பார்க்கிறாள். “கடுதாசிக்கே வச்சாச்சு. எனக்கும் ஒண்ணு வையி புள்ள.” சிரிப்பு நிற்கிறது. சுஜீதா பாக்கியத்தின் சிமிழுக்குள் விரலை விடுகிறாள். “சின்னதா வைக்கவாங்க?” “பெருசா வையி. போட்டோவுல தெரியணும்.”